வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிக் கூடைப்பந்துப் பருவமும் கடைசிக் கூடையும்

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து லீக் முடிந்து கிண்ணங்கள் கைமாறிய பிறகு, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரிப் போட்டிகளில் புள்ளி பதிவு மேசையில் அமர்ந்தவன் என்பதால், ஆசிரியர் குழு இந்தக் கடிதங்களை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மகள் தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லீக் சுற்றில் அவளுடைய குழு ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆனால் இறுதியாட்டத்தில், லீக் சுற்றில் 16 புள்ளி வித்தியாசத்தில் தாங்கள் வீழ்த்திய அதே குழுவிடம் நான்கு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். இரண்டு வாரமாக அவள் பந்தைத் தொடவில்லை. ஒன்பது வெற்றிக்கு வெள்ளிப் பதக்கம், ஒரு வெற்றிக்குக் கிண்ணம் என்பது நியாயமா?
— செந்தூலிலிருந்து ஒரு தாயார்

பதில்: அம்மா, உங்கள் மகளின் வருத்தத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒன்பது ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் கடந்துவந்த பிள்ளைக்கு அந்த நான்கு புள்ளி எப்படி உறுத்தும் என்பதை மேசையில் அமர்ந்து பல முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நியாயமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் போட்டி எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். லீக் சுற்று பல வாரங்கள் நீள்வது; அதற்குள் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கும், இன்னொருவருக்குத் தேர்வு வரும், திறந்த வெளித் திடலில் மழையால் ஆட்டம் தள்ளிப்போகும்; இவையெல்லாம் எல்லாக் குழுக்களுக்கும் ஏறக்குறைய சமமாக நேர்வதால், எந்தக் குழு அதிக நாள் நன்றாக ஆடியது என்பதை லீக் அட்டவணை சரியாகவே காட்டிவிடும். இறுதியாட்டமோ அன்றைய 40 நிமிடங்களை மட்டுமே அளக்கிறது. இரண்டு அளவைகளும் உண்மையானவை, ஆனால் ஒன்றின் விடையை மற்றொன்றில் தேட முடியாது.

உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய மேடைகளிலும் நேர்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகங்களின் யு.ஏ.ஏ.பி. லீகில் 2007ஆம் ஆண்டு யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட் ஆடவர் குழு, லீக் சுற்றின் 14 ஆட்டங்களிலும் வென்று நேராக இறுதிக்குப் போனது. மூன்றில் இரண்டை வென்றால் போதும் என்ற அந்தத் தொடரில், டி லா சால் பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 0–2 எனத் தோற்றது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் மகளிர் குழு தொடர்ச்சியாக 111 ஆட்டங்களில் வென்று வந்த நிலையில், 2017ஆம் ஆண்டு தேசியப் போட்டியின் அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட் குழுவிடம் கூடுதல் நேரத்தில் 66–64 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததை அறிவிக்கும் ஒலி எழும்போது, மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு வெற்றி தந்த பந்து காற்றில் இருந்தது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஏற்பாட்டாளர்கள் காதில் விழ வேண்டிய ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி லீக்குகளில், பருவம் முழுவதும் ஆடிய லீக் சுற்றில் முதலிடம் பெறுவது ஒரு தனிப் பட்டம். அதன் பிறகு நடக்கும் நாக்-அவுட் போட்டியில் வெல்வது இன்னொரு பட்டம். இரண்டும் தனித்தனியாகவே பதிவாகின்றன. நம் ஊர்ப் போட்டிகளிலும் லீக் சுற்றின் முதல் குழுவுக்கென்று ஒரு கேடயம் வழங்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. நான் பல கூட்டங்களில் சொல்லிவந்த யோசனை இது, இனியும் சொல்வேன்.

மகளிடம் ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், அந்த இறுதியாட்டத்தின் புள்ளிப் பதிவுத் தாளின் நகலைக் குழுப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடை விழுந்தால் குழுவின் அப்போதைய மொத்தப் புள்ளியைக் குறிக்கும் எண்ணின் மேல் சாய்வுக் கோடும், தனி எறியில் புள்ளி கிடைத்தால் நிரப்பிய கருவட்டமும் போடுவது எங்கள் வழக்கம். எதிரணியின் பத்தியில் கருவட்டங்கள் வரிசையாக எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்க்கட்டும். நான்கு புள்ளியில் தோற்ற ஆட்டங்களில், ஒரு காற்பகுதியில் தேவையில்லாமல் செய்த தவறுகளால் எதிரணிக்குத் தனி எறிகளை வாரிக் கொடுத்த தடம் தாளில் தெளிவாகத் தெரிவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். காரணம் கண்ணெதிரே காகிதத்தில் தெரிந்துவிட்டால், பிள்ளைகள் பெரும்பாலும் மறுநாளே பயிற்சிக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் பிரிவில் மூன்று குழுக்கள் சமமான வெற்றிகளுடன் முடித்தன. எல்லா ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் எங்களுக்கே அதிகப் புள்ளி வித்தியாசம். ஆனாலும் எங்களை மூன்றாமிடத்தில் வைத்து வெளியேற்றிவிட்டார்கள், அரையிறுதிக்கு முதல் இரண்டு குழுக்கள்தான் போயின. ஏற்பாட்டாளர்கள் விதிப்படிதான் செய்தோம் என்கிறார்கள். எந்த விதி இது?
— பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ஆட்ட முடிவுகளை வைத்துக்கொண்டு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்பாட்டாளர்கள் செய்தது சரிதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் லீக் ஆடும் குழுக்களில் பாதிக்கு மேல் இந்த விதியைத் தெரிந்துகொள்வது தாங்கள் வெளியேற்றப்பட்ட நாளில்தான்.

அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1 புள்ளி, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் புள்ளியே இல்லை. இரண்டோ அதற்கு மேலோ குழுக்கள் சமமாக முடித்தால், முதலில் அந்தக் குழுக்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்க்க வேண்டும். அதிலும் சமம் என்றால், அதே ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் சமமானால், அதே ஆட்டங்களில் போட்ட மொத்தப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். இவை எதிலும் முடிவு கிடைக்காதபோதுதான், நீங்கள் நம்பியிருந்த எல்லா ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் கணக்கில் வரும். கடைசி இடத்தில் இருக்கும் குழுவை 50 புள்ளியில் வென்று சேர்த்துவைத்த வித்தியாசம், நேர் போட்டியாளர்களுக்கு எதிரே உங்களுக்கு உதவாமல் போனதன் காரணம் இதுதான். இந்த வரிசை நல்லது என்பதே என் கருத்து. பலவீனமான குழுவைப் போட்டு மிதிப்பவருக்குப் பரிசு கொடுக்கும் லீக் நல்ல லீக் அல்ல.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். முதல் குழு உங்களை 70–62 என வென்றது. நீங்கள் இன்னொரு குழுவை 66–61 என வென்றீர்கள். அந்தக் குழு முதல் குழுவை 58–55 என வென்றது. ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்பதால் அங்கே முடிவு இல்லை. வித்தியாசத்துக்குப் போனால், முதல் குழுவுக்குக் கூட்டல் 8, கழித்தல் 3. மீதி கூட்டல் 5. மூன்று புள்ளியில் வென்று ஐந்து புள்ளியில் தோற்ற குழுவுக்குக் கழித்தல் 2. எட்டுப் புள்ளியில் தோற்று ஐந்து புள்ளியில் வென்ற உங்களுக்குக் கழித்தல் 3. ஒரே ஒரு புள்ளியில் மூன்றாமிடம்.

இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டுப் பாருங்கள். முதல் குழுவிடம் தோற்ற ஆட்டத்தில் கடைசியில் ஒரே ஒரு கூடையை நீங்கள் கூடுதலாகப் போட்டிருந்தால், முடிவு 70–64 ஆகியிருக்கும். தோல்வி தோல்விதான். ஆனால் உங்கள் வித்தியாசம் கழித்தல் 1 ஆகி, நீங்கள் இரண்டாமிடத்தில் அரையிறுதிக்குப் போயிருப்பீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நான் மேசையில் இருந்த ஒரு கல்லூரி ஆட்டத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். 20 விநாடி மீதி இருந்தது. எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்த குழுவின் பந்து நகர்த்துபவர், இனி வெல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்து, மைதானக் கோட்டுக்கு அருகில் நின்றபடியே பந்தை இடது கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். எதிரணியினரும் கைகளைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார்கள். பந்து தரையில் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒலி எழுந்ததும் அவர் எதிரணித் தலைவரிடம் போய்க் கைகொடுத்தார். மரியாதையான செய்கை என்று அரங்கமே கைதட்டியது. இரண்டு நாள் கழித்து அட்டவணை வெளியானபோது, அந்தக் குழு இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெளியேறியிருந்தது. அந்த மாணவர் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நாக்-அவுட் ஆட்டமாக இருந்தால் அவர் செய்தது அழகான பண்பு. குழுச் சுற்றில் அதற்கு இடமில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி 20 விநாடியும் உங்கள் பருவத்தின் ஒரு பகுதி என்பதைப் பயிற்றுநர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று தோற்றாலும் எத்தனை புள்ளிக்குள் தோற்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஒருவர் குழுவின் இருக்கையில் இருக்கட்டும். அடுத்த பருவத்தில் அந்த வேலையை நீங்களே ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளின் மார்ச் மாதப் போட்டியைப் பற்றி மகன் ஓயாமல் பேசுகிறான். அது எப்படி நடக்கிறது? நாம் இங்கிருந்து பார்க்க முடியுமா?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: அமெரிக்காவின் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிக் குழுக்கள் உண்டு. நவம்பர் மாதத் தொடக்கத்தில் பருவம் தொடங்கும். தங்கள் வட்டார லீக்குக்குள் ஆடி முடித்த பிறகு, மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசியப் போட்டிக்கான 68 குழுக்களின் பெயர்கள் அறிவிக்கப்படும். வட்டார லீக்குகளின் வெற்றியாளர்களுக்கு நேரடி இடம் உண்டு. மீதி இடங்களைத் தேர்வுக் குழு நிரப்புகிறது. நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை நிலை கொடுப்பார்கள். ஒரு தோல்வியோடு பருவம் முடிந்துவிடும். கிண்ணம் வெல்ல ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். 68 குழுக்களை 64ஆகக் குறைக்கும் தொடக்கச் சுற்றில் இறங்க நேரும் குழுக்களுக்கு ஏழு.

1939ஆம் ஆண்டு முதல் போட்டி நடந்தபோது ஆடியவை எட்டே குழுக்கள்தான். ஓரிகன் குழு ஒஹையோ ஸ்டேட்டை 46–33 என வென்றது. 1985இல் அது 64 குழுக்களாக விரிந்தது, 2011 முதல் 68.

உங்கள் மகன் அதைப் பற்றி ஓயாமல் பேசுவதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. ஆடவர் போட்டியில் 1985 தொடங்கி, முதல் நிலைக் குழுவும் பதினாறாம் நிலைக் குழுவும் மோதிய 135 ஆட்டங்களில் ஒன்றில்கூட முதல் நிலைக் குழு தோற்றதில்லை. 2018இல் வர்ஜினியா பல்கலைக்கழகம், நாட்டின் தலைசிறந்த குழு என்ற மதிப்போடு வந்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி குழுவிடம் 74–54 எனத் தோற்றது. ஒரு புள்ளியிலோ இரண்டு புள்ளியிலோ அல்ல, முழுதாக 20 புள்ளியில். அந்தப் பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் போன இடமெல்லாம் அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறு ஆண்டு, 2019இல், அதே வர்ஜினியா இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக் குழுவைக் கூடுதல் நேரத்தில் 85–77 என வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. செந்தூல் அம்மாவின் மகளுக்கும் இந்தச் செய்தியைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

இறுதியாட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே திங்கள் இரவு நடக்கும். நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை. வென்றவர்கள் ஏணியில் ஏறி, கூடையின் வலையைக் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டி ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொள்வார்கள். கடைசி இழையைப் பயிற்றுநர் வெட்டுவது வழக்கம். பள்ளிக்கூடமும் வேலையும் இருக்கும் நேரம் என்பதால், மாலையில் மறு ஒளிபரப்பைப் பார்க்கும் வரை முடிவை மகனிடம் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தை ஏன் இரண்டு பாதியாக ஆடுகிறார்கள்? நம் ஊரில் நான்கு காற்பகுதிகள்தானே?
— கெப்போங் வாசகர்

பதில்: நாம் ஃபிபா விதியைப் பின்பற்றுகிறோம், பத்து நிமிடங்களாக நான்கு காற்பகுதிகள். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 20 நிமிடங்களாக இரண்டு பாதிகள் என்ற பழைய முறை இன்றும் தொடர்கிறது. அங்கேயும் மகளிர் ஆட்டம் 2015–16 பருவத்திலிருந்து நான்கு காற்பகுதிகளுக்கு மாறிவிட்டது. மொத்தம் எல்லோருக்கும் 40 நிமிடங்கள்தான். பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் நமக்கு 24 விநாடி, அவர்களுக்கு 30.

கேள்வி: ஒரே கல்லூரி ஆண்டுக்கு ஆண்டு வென்றுகொண்டே இருப்பது சாத்தியமா? மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுகிறார்களே?
— பங்சார் வாசகி

பதில்: கல்லூரி விளையாட்டின் கடினமே அதுதான். நன்றாக ஆடத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். அந்த நிலையிலும் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. குழு, ஜான் வுடன் என்ற பயிற்றுநரின் கீழ் 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கிண்ணத்தை வென்றது; அவற்றில் 1967 முதல் 1973 வரை ஏழு முறை தொடர்ச்சியாக. ஆனால் அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1948இல். முதல் கிண்ணம் வரும் வரை பதினைந்து பருவங்களுக்கு மேல் நிர்வாகம் அவரை மாற்றாமல் வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் கிண்ணம் வரவில்லை என்றால் பயிற்றுநரை மாற்றிவிடும் நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பருவத்தின் முதல் பயிற்சி நாளில் வுடன் தம் ஆட்டக்காரர்களுக்குக் காலுறை அணியக் கற்றுக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, பிறகு காலணியின் கயிற்றை ஒவ்வொரு துளையிலும் இறுக்கிக் கட்டச் சொல்வார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தவர் பயிற்சியைத் தவறவிடுவார் என்பது அவர் கணக்கு. நான் ஆசிரியராக இருந்தபோது இதைப் படித்துவிட்டு, என் மாணவர்களையும் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்துச் செய்துகாட்டினேன். அந்த ஆண்டு கொப்புளம் என்று சொல்லிப் பயிற்சியிலிருந்து யாரும் விலகவில்லை.

அந்த யு.சி.எல்.ஏ. குழு தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றது. 1974 ஜனவரியில் நோட்டர் டேம் அரங்கில் அந்த வரிசை அறுந்தது. ஏறக்குறைய மூன்றரை நிமிடம் மீதி இருந்தபோது யு.சி.எல்.ஏ. 70–59 என முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு அது ஒரு புள்ளிகூடப் போடவில்லை. நோட்டர் டேம் 12 புள்ளிகளைப் போட்டு 71–70 என வென்றது. பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்ன கடைசி 20 விநாடியின் இன்னொரு முகம் இது.

கேள்வி: பிலிப்பைன்ஸ் லீகில் அரையிறுதியில் ஒரு குழு தோற்ற பிறகும் மறுபடியும் ஆடுகிறதே, அது எப்படி?
— பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: யு.ஏ.ஏ.பி. லீகில் எட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதி, ஆளுக்கு 14 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் நான்கு குழுக்கள் அரையிறுதிக்குப் போகும். அங்கே முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்களுக்கு ஒரு சலுகை: அவர்கள் ஒரு முறை வென்றால் போதும், அவர்களை வெளியேற்ற எதிரணி இரண்டு முறை வெல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது அந்த இரண்டாவது ஆட்டமாக இருக்கும். பருவம் முழுவதும் உழைத்ததற்கு மரியாதை தரும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. நாள் வாடகைக்கு அரங்கம் பிடித்து நடத்தும் நம் போட்டிகளிலும், ஒரே ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கினால் இதைச் செய்துவிடலாம்.

நேர வித்தியாசம் இல்லாததால் பார்ப்பதற்கும் வசதி. 2022 மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், அதுவும் கூடுதல் நேரத்தில், அடெனியோ பல்கலைக்கழகத்தை 72–69 என வென்று 1986க்குப் பிறகு முதல் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. தந்தையர் மாணவராக இருந்த காலத்தில் கடைசியாகப் பார்த்த கிண்ணத்தைப் பிள்ளைகள் மீட்டெடுத்தார்கள்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு வலைப்பந்து ஆடியவள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கல்லூரியில் கூடைப்பந்துக் குழுவில் சேர ஆசைப்படுகிறாள். கூடைப்பந்து சீனப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கு ஒத்துவராது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து?
— ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தந்தை

பதில்: ஐயா, தயங்காமல் அனுப்புங்கள். நம் நாட்டில் சீனப் பள்ளிகளும் சீனச் சங்கங்களும்தான் இந்த விளையாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்தன. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசிய மகளிர் குழு தங்கம் வென்றபோது அந்த உழைப்பின் பலனை நாடே பார்த்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டுமே தவிர, அதைக் காரணமாக்கி நம் பிள்ளைகளைத் தடுக்கக் கூடாது. ஒரு வளையமும் கொஞ்சம் சமமான தரையும் பல தமிழ்ப்பள்ளிகளில் இல்லாமல் போனதே நம் பிள்ளைகள் இதில் குறைந்ததற்குப் பெரிய காரணம் என்பது என் அனுபவம். திடல் இருந்த இடங்களில் நம் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள்.

உங்கள் மகள் பாதிக் கூடைப்பந்தை ஏற்கெனவே கற்றுவிட்டாள். வலைப்பந்தே கூடைப்பந்திலிருந்து பிறந்ததுதான். இரண்டிலும் பெரியவர்களுக்கான வளையத்தின் உயரம் ஒன்றே, 3.05 மீட்டர். வலைப்பந்து வளையத்தின் விட்டம் 38 சென்டிமீட்டர், கூடைப்பந்தில் 45. பின்பலகை இல்லாமல், சிறிய வளையத்தில் பந்து போட்டுப் பழகிய கைக்குப் பெரிய வளையம் சிரமமாக இருக்காது. பந்தைப் பிடித்த கணத்தில் நின்று, யாருக்குக் கொடுப்பது என்று தலை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் வலைப்பந்துப் பெண்களிடம் இருப்பதைப் போல் மற்றவர்களிடம் நான் கண்டதில்லை. அவள் புதிதாகக் கற்க வேண்டியது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது. முதல் இரண்டு மாதம் பந்து காலில் பட்டு ஓடும். இடது கையால் தட்டும்போது இன்னும் ஓடும். அந்த இரண்டு மாதத்தில் அவள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

உயரத்தைப் பற்றிச் சொல்வதானால், கனெக்டிகட் மகளிர் குழுவின் 111 வெற்றி வரிசையைக் கடைசி எறியில் அறுத்த மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டக்காரர் மோர்கன் வில்லியம். அவருடைய உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்.

கேள்வி: எனக்கு ஆட வராது. ஆனால் லீக் நடக்கும்போது அரங்கத்தில் இல்லாமல் இருக்க முடியவில்லை. குழுவில் ஏதாவது பயனுள்ள வேலை செய்ய முடியுமா ஐயா?
— பிறையிலிருந்து ஒரு மாணவி

பதில்: மேசைக்கு வாருங்கள், மகளே. எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. புள்ளி பதிவாளர், உதவிப் பதிவாளர், ஆட்ட நேரம் பார்ப்பவர், 24 விநாடிக் கடிகாரத்தை இயக்குபவர் என்று நான்கு பேர் இல்லாமல் எந்த லீக் ஆட்டமும் நடக்காது. மாநிலச் சங்கங்கள் மேசை அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தும்போது கல்லூரி விளையாட்டுப் பிரிவின் வழியாகப் பெயர் கொடுங்கள். அதுவரை, எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் மடியில் ஒரு காலித் தாளை வைத்துக்கொண்டு நீங்களே பதிவு செய்து, முடிந்ததும் மேசைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாம் காற்பகுதிகளுக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு நீலம். மூன்று புள்ளி எறி விழுந்தால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளின் கடைசிப் புள்ளிக்குக் கீழே இரண்டு தடித்த கோடுகளை இழுத்து, மீதமிருக்கும் எண்களின் குறுக்கே ஒரு சாய்வுக் கோடு போட்டுவிடுங்கள். அரங்கத்தில் எவ்வளவு ஆரவாரம் இருந்தாலும், வென்றவர்கள் பயிற்றுநரைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், நீங்கள் எழுந்துவிடக் கூடாது. மேசையில் இருப்பவர்கள் கையெழுத்திட்ட பிறகு முதன்மை நடுவர் வந்து தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் ஆட்டம் அதிகாரபூர்வமாக முடிந்ததாகக் கொள்ளப்படும்.